கருக்கம்பாளையம் ரோடு: நான்காம் திருத்தம்

ஊர் இங்கேயில்லை.
வாய்க்கால் தாண்டித் தெற்கே மூன்று கிலோமீட்டர்.
அதனால்தான் பெயரின் வாலில் ஒரு ரோடு.

என் வேலை கோடு போடுவது.
முதல் படம் நான் பிறக்குமுன் யாரோ வரைந்தது,
மெழுகுத் துணியில், நீல மையில்:
நடுவே மெயின் லைன், வடக்கே ஒரு லூப்,
தெற்கே பஞ்சு மில்லுக்குள் நுழைந்து
சுவரை மோந்து நின்றுவிடும் சைடிங்.
அகலம் ஒரு மீட்டர்.
மூலையில் ஒரு சுருக்கொப்பம்,
அதன்மேல் டம்ளர் வைத்த வட்டம்.

முதல் திருத்தம்: எல்லாவற்றையும் பிடுங்கு.
ஒரு மீட்டரை அகலப்பாதையாக்க
இன்னும் அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர் வேண்டும்.
என் ஸ்கேலில் அது மூடித் திறக்கிற கண்ணிமை.
ஒன்பது வருஷம் ரயில் வரவில்லை.
பிளாட்பாரத்தில் சோளம் காய்ந்தது.
தண்டவாளம் இல்லாத மேட்டில்
பள்ளிக்கூட வேன் ஒன்று குறுக்குவழி கண்டுபிடித்தது.
பழைய லூப்பை டன் கணக்கில் ஏலம் விட்டார்கள்.

இரண்டாவதில்தான் நான் சேர்ந்தேன்.
லூப் தேவையில்லை என்று கடிதம் வந்தது.
ஸ்கேலை வைத்து ஒரு இழுப்பு,
நான் வரைந்ததிலேயே சுலபமான ஸ்டேஷன் அது.
வண்டிகள் விலக இடமில்லாத இடத்துக்கு
மாஸ்டர் எதற்கு என்று அவரையும் எடுத்தார்கள்.
எதிர்வண்டிக்காக நின்ற பதினோரு நிமிஷத்தை
அடுத்த ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
அந்தப் பதினோரு நிமிஷத்தில்தான்
மயில்சாமி அவித்த கடலை விற்றுவந்தான்.
இப்போது அவன்தான் கமிஷனுக்கு டிக்கெட் கிழிக்கிறான்,
கூடவே முட்டை வியாபாரம்.
இரண்டுக்கும் ஒரே கல்லாப்பெட்டி;
மாதக் கணக்கு மட்டும் தப்புவதில்லை.

மூன்றாவது வெறும் மின்கம்பி.
கேட்டை மூடிக் கீழே சுரங்கப்பாதை.
படத்தில் இரண்டு சிறு கோடு,
ஐப்பசியில் கிணறு.

இப்போது நான்காவது.
கோழிகள் கேட்கின்றன.
பீகாரிலிருந்து தீவன மக்காச்சோளம்,
நாற்பத்திரண்டு பெட்டி, ஒரே மூச்சில்.
நிறுத்த லூப் வேண்டும்,
பழையதைவிட முன்னூறு மீட்டர் மேற்கே நீண்டு.
துடைத்த கோட்டின் மேலேயே
மறுபடி கோடு போட்டேன்.
தாளானால் பிசிறடித்திருக்கும்,
கணினிக்கு ஞாபகமில்லை.

எல்லைக்கல் பதினேழைத் தேடிப் போனேன்.
ஆனி மாசக் காற்று, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
நேரே என் படத்துக்கு வந்ததுபோல் பறித்தது.
கிளுவை வேலி, தென்னை,
அப்பால் ஒரு மாட்டுக் கொட்டகை.
கல் அதனுள்ளே இருந்தது,
எருமை கட்டும் முளையாக.
கயிறு தேய்த்துத் தேய்த்து எண்ணில் ஏழு போய்
ஒன்று மட்டும் மிச்சம்.

நிமிர்ந்தேன்.
ஓட்டைத் தாங்கும் விட்டம் தண்டவாளம்.
இங்கே பிடுங்கிய அதே பழைய லூப்,
துரு உரிந்த இடத்தில் வார்த்த வருஷம் தெரிந்தது.
அதற்கு நேர்கீழே
எருமை படுத்திருக்கிற இடத்தில்
நான் வரைந்த புது லூப் வருகிறது.

ராமாத்தாள் கையைத் துடைத்தபடி வந்தாள்.
படத்தைப் பார்த்தாள். தலைகீழாகத்தான், ஆனாலும்
தன் கொட்டகை எங்கே என்று விரலை வைத்துவிட்டாள்.
'ஏனம்மிணி, இத்துனூண்டு கோடு,
செத்த வளச்சுப் போட்டா ஆவாதா?'

வளைவுக்குக் கணக்கிருக்கிறது.
பன்னிரண்டு நீளத்துக்கு ஒன்று விலகலாம்,
விலகியபின் நேராக ஓடவேண்டும்.
சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.
உள்ளே போனாள். நெடுநேரம்.
டிரங்குப் பெட்டி இழுபடும் சத்தம்.

'எடம் உங்களுதுன்னா எடத்த எடுத்துக்கோங்க.
வுட்டத்துல கைய வெக்கப்படாது.
ஏலத்துல எடுத்தது, இதா பில்லு.'

ரயில்வே முத்திரை, எடை, தொகை,
எல்லாம் சரியாக இருந்தது.
பில்லின் மூலையிலும்
டம்ளர் வைத்த வட்டம்.

கள அறிக்கையில் எழுதினேன்:
கல் பதினேழு உள்ளது, நிலை உறுதி.
எருமைக்கு எங்களிடம் குறியீடு இல்லை.
அது எழுந்து நின்றது.
கயிறு இறுகியது.
கல் அசையவில்லை.